போர்க்கால ஜீப் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிக்கும் வழி

என்னிடம் இருப்பது 1943-இல் ஃபோர்டு கட்டிய ஜிபிடபிள்யூ ஜீப். வில்லிஸ் எம்பி வைத்திருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம், ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு கம்பெனிகள் கட்டிய ஒரே வண்டிதான் அது, 1941 முதல் 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நம் நாட்டில் விட்டுப்போனவை டிஸ்போசல் ஏலத்தில் (ராணுவம் வேண்டாமென்று கழித்ததை விற்கும் ஏலம்) கைமாறி, எஸ்டேட், மரக்கடை, குவாரி என்று உழைத்துத் தேய்ந்தன. என்னுடையதும் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஷெட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த நிலையில்தான் கிடைத்தது.

பதினோரு வருடம் இதனோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஃபேக்டரியில் நடந்த தப்பு இந்த வண்டியில் ரொம்பக் குறைவு, எண்பது வருடத்தில் கைவைத்தவர்கள் செய்ததுதான் ஜாஸ்தி. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில், இந்த இடத்தில் கடைசியாகக் கைவைத்தது யார், என்ன செய்தார் என்று யோசியுங்கள் (பாதி நாள் அந்த ஆள் நீங்களாகவே இருப்பீர்கள்). அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். அமெரிக்க ராணுவம் 1944-இல் போட்ட டிஎம் 9-803 கையேடு கையில் இருக்கட்டும், கீழே நான் சொல்லும் அளவுகள் அந்தக் காலத்து அளவுகள்தான்.

வாங்கப் போகிற வண்டியின் முகம் ஒத்துவரவில்லை

இது ரிப்பேரில் சேராது, ஆனாலும் லட்சக்கணக்கில் போகும் இடம் இதுதான். கிரில்லில் ஓட்டைகளை எண்ணுங்கள். 9 இருந்தால் போர்க்காலத்து முகம், 7 என்றால் போருக்குப் பிறகு வந்த சிவிலியன் சிஜே வகை. 1947-இலிருந்து பம்பாயில் மஹிந்திரா அசெம்பிள் செய்ய ஆரம்பித்தவற்றின் வழிவந்தவைதான் நம் ஊரில் அதிகம், பச்சை பெயிண்டும் வெள்ளை நட்சத்திரமும் அடித்துவிட்டால் ‘உலகப்போர் வண்டி’ ஆகிவிடும். கிரில்லை மட்டும் மாற்றி ஏமாற்றுவதும் உண்டு என்பதால் மற்றதையும் பாருங்கள். போர்க்கால வண்டியில் ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் உள்ளடங்கி இருக்கும், கீல் வைத்திருப்பதால் எஞ்சின் பக்கம் திருப்பி இரவில் வேலை பார்க்கலாம். பின்னால் திறக்கும் கதவு கிடையாது. பெட்ரோல் ஊற்ற டிரைவர் சீட்டைத் தூக்க வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம்.

ஃபோர்டா வில்லிஸா என்று தெரிய ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் முன் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள், உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், கவிழ்த்துப்போட்ட ‘ப’ வடிவம் என்றால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைக் குத்தி வைத்திருந்தது.

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பர் வண்டியில் இருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதியலாம், நம்பரில் ‘விஏ’ வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எல்லாம் பெரிய மாற்றம் இல்லாமல் பழையபடி இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப்புக்கு அங்கேயே சிக்கல் ஆரம்பிக்கிறது.

வீல் நட் அசையவே இல்லை

இடது பக்கச் சக்கரமா? அப்படியென்றால் நீங்கள் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பக்கத்து நட்டுகள் எதிர் மரை. நான்கடிக் குழாயை ஸ்பானரில் சொருகி ஏறி நின்று இரண்டு ஸ்டட்டை ஒடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. போர்க்காலத்து ‘காம்பாட்’ ரிம் இரண்டு தட்டுகளைச் சேர்த்து நட்டுப் போட்டு மூடியது. சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் 5 நட்டுகள் வேறு, அதைச் சுற்றி வெளிவட்டத்தில் இரண்டு தட்டையும் பிடித்திருக்கும் நட்டுகள் வேறு. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கைவைத்தால் தட்டு தெறித்து ஆளையே முடித்துவிடும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். பஞ்சர் கடையில் விட்டால் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள், அந்தப் பையன் இப்படி ஒரு ரிம்மைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

செல்ஃப் முனகுகிறது, எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது

பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், அதனால் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். கடையில் ‘ஜீப் கேபிள்’ என்று கேட்டால் 12 வோல்ட்டுக்கான ஒல்லிக் கேபிளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிள் போடுங்கள்.

அதற்கும் முன்னால் எர்த்தை, அதாவது பேட்டரி நெகடிவ் வண்டியின் இரும்போடு சேரும் இணைப்பை, பாருங்கள். நான் செல்ஃப் மோட்டாரை மூன்று முறை கழற்றி, கார்பன் மாற்றி, ஆர்மேச்சரைக் கடைய லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே இருந்த பெரியவர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “எர்த் பாத்தியா கண்ணு?” என்றார். பார்க்கவில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதை சேஸிஸோடு இணைக்க முன்பக்கம் ஒரு பின்னல் பட்டை உண்டு. என் வண்டியில் அந்தப் பட்டை இருந்தது, ஆனால் நான் ஆசை ஆசையாக அடித்த ஆலிவ் பச்சை பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்கி வைத்திருந்தேன்.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவ் கட்டையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துவிட்டு, ஒருவரைக் காலால் செல்ஃப் ஸ்விட்சை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். பாசிடிவ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் நடுவே இதே போல அளந்தால் கேபிளும் தரையில் இருக்கும் ஸ்விட்சும் எந்த நிலையில் என்று தெரிந்துவிடும். பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்படி போல்ட்டைப் போட்டதும் என் வண்டி அரைச் சுற்றில் பிடித்தது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். தினமும் ஓட்டுகிற ஆளுக்குச் சரி, எனக்கு மனசு வரவில்லை.

அரை மணி நேரம் நன்றாக ஓடும், நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும்

இந்த வண்டிக்காரர்களை அழவைக்கும் கோளாறு இதுதான். பெட்ரோல் வராமல் நிற்கிறதா, ஸ்பார்க் இல்லாமல் நிற்கிறதா என்று நின்ற அந்த நிமிடமே பார்த்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒரு உபரி பிளக்கும் ஸ்பானரும் டாஷ்போர்டு பெட்டியில் எப்போதும் கிடக்கட்டும். நின்றதும் முதலில் ஒரு ஒயரைக் கழற்றி உபரி பிளக்கில் மாட்டி, பெட்ரோல் ஈரம் எதுவும் இல்லாத தூரத்தில் எஞ்சின் மேல் சாய்த்துவைத்து செல்ஃப் அடியுங்கள்.

நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் கோளாறு பெட்ரோலில். மஞ்சளாக மினுக்கினாலோ வராமலே போனாலோ ஸ்பார்க் பக்கம், அதில் பத்துக்கு ஏழு முறை டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர். சூடானதும் செத்து, ஆறினதும் உயிர்பிடிக்கும் சாமான் அது. புதிதாக வருபவற்றின் தரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதனால் புதுசு என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். அடுத்தது இக்னிஷன் காயில். பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030 அங்குலம், டைமிங் பிஸ்டனின் மேல்நிலைக்கு 5 டிகிரி முன்னால், ஃபயரிங் வரிசை 1-3-4-2. ரேடியோ இரைச்சலைத் தடுக்க அந்தக் காலத்தில் மாட்டிய ஃபில்டர் டப்பா இன்னும் இருந்தால், அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகி ஸ்பார்க்கை விழுங்கும். அலங்காரத்துக்கு இருக்கட்டும், ஒயரைப் பிரித்து வையுங்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால் முதல் வேலை டேங்க் மூடியைத் திறப்பது. ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கதை முடிந்தது. அப்படி இல்லையென்றால் டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் லைனைப் பாருங்கள். இந்தப் பகுதி உறிஞ்சும் பகுதி, இங்கே வெடிப்பு இருந்தால் பெட்ரோல் ஒரு சொட்டு வெளியே வராது, ஆனால் காற்று உள்ளே போகும். சொட்டவில்லை, அதனால் லைன் நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் நான் இரண்டு மாதம் கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தேன். கடைசியில் பார்த்தால், முந்தைய ஓனர் காலத்தில் யாரோ செருகிய நான்கு அங்குல ரப்பர் ட்யூப் அடிப்பக்கம் வெடித்திருந்தது.

இதில் ஒரு புதுத் தலைவலியும் சேர்ந்திருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கும், டேங்குக்குள் பூசிய பழைய பூச்சை உரித்து ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். ட்யூப், பம்ப் டயஃப்ரம் (பம்ப்புக்குள் அசையும் சவ்வு), கார்புரேட்டர் நீடில் நுனி எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுங்கள், விட்டான் ரப்பர் என்று கேட்டால் கிடைக்கும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

லைனும் சுத்தம், மூடியும் சரி, ஆனாலும் வெயிலில் நிற்கிறது என்றால் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகிறது. இந்த எஞ்சினில் சைலன்ஸர் மேனிஃபோல்டின் மேலேதான் பெட்ரோல் போகும் மேனிஃபோல்டு உட்கார்ந்திருக்கிறது. நடுவில் சூட்டைத் திருப்பிவிடும் ஒரு தகட்டு வால்வு உண்டு, அமெரிக்கக் குளிருக்கு வைத்தது. அது துருப்பிடித்துக் குளிர்கால நிலையிலேயே இறுகிப்போயிருந்தால் நம் ஊர் சித்திரை வெயிலில் கார்புரேட்டர் அடுப்பில் வைத்த பாத்திரம்தான். அதை அசையவையுங்கள். லைன் சூடான இடத்தை உரசிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். லைனில் துணி கிளிப் மாட்டுவது ஒரு வைத்தியம் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள், நானும் மாட்டிப் பார்த்தேன், துணி காயப்போட உதவியது.

ஆயில் குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போகிறது

சந்தோஷப்படாதீர்கள், மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். டயஃப்ரத்தை மாற்றி, ஆயிலை முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். வாடை இல்லாமல் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர், ஹெட் கேஸ்கட்டையோ பிளாக் விரிசலையோ தேட வேண்டும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் கூடாது, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அநேகமாக நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது.

ஆயில் பிரஷர் குறைவு என்று ஆயில் பம்ப்பைக் கழற்றப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பம்ப்பின் தண்டுதான் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுற்றுகிறது, அடையாளம் வைக்காமல் உருவினால் டைமிங் போச்சு. இரண்டாவது, போர்க்கால எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது சங்கிலி, பின்னால் வந்த சிவிலியன் எஞ்சினில் அது கியராக மாறியது, கேம் சுற்றும் திசையும் மாறியது, அதனால் பம்ப்பும் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். சூடான பிறகு ஐடிலில் 10 பிஎஸ்ஐ நின்றால் இந்த எஞ்சினுக்கு அது போதும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி உதறுகிறது

ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் வெறிபிடித்து ஆடும், ஸ்டியரிங் கையை விட்டுப் பறிக்கும், வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். எல்லோரும் உடனே ஸ்டியரிங் பாக்ஸை இறுக்குவார்கள். இறுக்கினால் உதறல் போகாது, பாக்ஸுக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ராஸ் கேம்தான் தேயும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கா கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங்கா என்று பிரிக்க வேண்டும். பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போதும் ஆட்டம் இருந்தால் அது கிங்பின். கிங்பின் பேரிங்குகளுக்கு மேலேயும் கீழேயும் மெல்லிய ஷிம் தகடுகள் உண்டு. இரண்டு பக்கமும் சமமாகக் குறைத்து, ஆட்டமே இல்லாமல் லேசான பிடிப்பு வரும்படி வைக்க வேண்டும். ‘ஃப்ரீயா சுத்தணும்’ என்று கூடுதலாக ஒரு தகடு வைத்து லூஸாக விட்டவர்களால்தான் பாதி ஜீப்புகள் உதறுகின்றன.

அடுத்தது சக்கரங்களைத் திருப்பும் டை ராடு கம்பிகளின் முனைகள், அப்புறம் ஸ்டியரிங் அசைவை அவற்றுக்குக் கடத்தும், நடுவில் இருக்கும் பெல் கிராங்க். பெல் கிராங்கின் பின் தேய்ந்திருந்தால் கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும், ஆனால் அதற்குக் கீழே படுக்க வேண்டும், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்வாங்கி நிற்கும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலத்துக்குள், அதாவது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். நூல் கட்டி அளந்தாலே போதும். டயர் நான்கும் ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். இத்தனையும் முடித்துவிட்டு, கடைசியாக பாக்ஸுக்கு வாருங்கள்.

பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது

நான்கைந்து முறை மிதித்ததும் வண்டி யாரோ பின்னால் இழுக்கிற மாதிரி கனக்கிறது, டிரம் தொட்டால் சுடுகிறது. நான்கு சக்கரமும் சுட்டால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். மிதியில் அரை அங்குலம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் திரும்பிப் போகும் ஊசித்துளை திறக்காது. ஒரு முன்சக்கரம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். வெளியே புதுசு மாதிரி பளபளக்கும், உள்ளே ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது. காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டுக்கொடுத்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், ஒரு இடத்தில் கசிந்தால் எல்லாம் போச்சு, ஹேண்ட் பிரேக்கோ ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஒற்றை டிரம்மில். அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ரொம்ப நாள் நிற்கும் வண்டி என்பதால் சிலிக்கான் டாட் 5 பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு, அது ஈரம் இழுக்காது, ஆனால் டாட் 3, டாட் 4 எதனோடும் கலக்கக்கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்முக்குள் காற்றடித்துத் தூசி பறக்கவிடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இரண்டாவது கியர் துள்ளி வெளியே வருகிறது, கூடவே எங்கும் ஆயில்

டி-84 கியர்பாக்ஸ் இந்த வண்டியின் பலவீனமான பகுதி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு முன், கியர்பாக்ஸை பெல் ஹவுசிங்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா பாருங்கள், அதற்கடுத்து மேல் மூடிக்குள் இருக்கும் குண்டும் ஸ்பிரிங்கும். அதிலும் சரியாகாவிட்டால் மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம், இறக்கித்தான் ஆக வேண்டும். ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் ஊற்றுங்கள், ஜிஎல்-5 வகையில் பல ஆயில்கள் உள்ளே இருக்கும் வெண்கல வளையங்களைத் தின்னும்.

கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து, பக்கத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸில் அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால் நடுவில் சீல் போய் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் இது தெரியும். ஆக்சில், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் மூச்சுக்குழாய் உண்டு. அது மண்ணால் அடைத்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஆயில் பிதுக்கிக்கொண்டு வந்து ஹேண்ட் பிரேக்கை நனைக்கும். சீல் வாங்குவதற்கு முன்னால் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள், செலவில்லை.

லோ ரேஞ்ச் விழவில்லை, அல்லது ஃபோர் வீல் விட மாட்டேன் என்கிறது

முதல் பாதி கோளாறே இல்லை. முன் ஆக்சில் லீவரைப் போட்ட பிறகுதான் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) விழும், உள்ளே அதற்கென்றே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஃபோர் வீலைப் போட்டுவிட்டுத் தார் ரோட்டில் ஓட்டியிருப்பீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு லீவர் கல்லாகிவிடும். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், மாப்பிள்ளை அழைப்புக்கு என்று நட்சத்திரம் போட்ட ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நான்கு பேர் சேர்ந்து அந்த லீவரை உடைக்கப் பார்த்தோம். லீவரை விடுங்கள். வண்டியை நேராகப் பத்தடி பின்னால் எடுங்கள், எடுக்கும்போதே லேசாகக் கையைக் கொடுங்கள், வெண்ணெயில் கத்தி போல வரும். அப்படியும் வராவிட்டால் கைவிடாமல் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள், ‘டங்’ என்று சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம், முறுக்கு விட்ட சத்தம் அது.